எரியிற வாளா, பிளஸ் டூ வாளா?

கேள்வி: அண்ணே, சனிக்கிழமை ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ்ல கூட்டாளி வீட்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5வது எடிஷன், அதான் பகடை உருட்டி ஆளுக்கொரு வீரனா நடிச்சு ஆடுற கதை விளையாட்டு, விளையாடுறோம். புதையல்ல பிளஸ் டூ லாங்ஸ்வோர்ட் ஒன்னு, தீப்பிடிக்கிற ஃபிளேம் டங் ஒன்னு. ரெண்டுமே ‘ரேர்’, அதாவது அரிய பொருள்தான். எத எடுக்குறது?
- பூச்சோங் வாசகர்

பதில்: ரேர்னு போட்டிருக்குறத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது தம்பி, கணக்கு போட்டுப் பாப்போம் வாங்க. கிரிட்டிகல், அதான் 20 விழுந்தா சேதப் பகடை ரெட்டிப்பாகுறத, விட்டுருங்க. சாதா வாள் சேதம் 1டி8, அதாவது எட்டுமுகப் பகடை ஒன்னு, பலத்துக்கு 3 கூட, சராசரி 7.5, அதுவும் 60 சதவீதம்தான் படும்னா வீச்சுக்கு 4.5. பிளஸ் டூ வாள்ல படுறதுக்கும் சேதத்துக்கும் 2 கூடும், அதனால 70 சதவீதம் படும், பட்டா 9.5, அப்போ 6.65. ஃபிளேம் டங்ல வாய்ப்பு அதே 60தான், ஆனா படுறப்போ எல்லாம் 2டி6 நெருப்பு, ஆறுமுகப் பகடை ரெண்டு, அதாவது சராசரி 7 கூட வருது, வீச்சுக்கு 8.7! பாத்தா எரியிறதுதான் கெட்டிக்காரன்.

ஆனா அதுக்கு அட்யூன்மெண்ட், அதாவது பொருளோட மந்திரப் பிணைப்பு, வேணும், ஒரு ஆளுக்கு மொத்தமே 3 இடம், பத்த வைக்க, முறைக்கு ஒன்னுதான் கிடைக்கிற குட்டிச் செயலான போனஸ் ஆக்‌ஷனும் போயிரும். பிளஸ் டூவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்ல. நான் ஒருக்கா வாளப் பத்த வச்சிட்டு ரெட் டிராகன் முன்னாடி போய் நின்னேன், அதுக்கு நெருப்பே ஏறாது, எங்க டிஎம், அதான் கதைய நடத்துறவரு, தே தாரிக் புரையேறுற அளவுக்குச் சிரிச்சாரு. அங்க என் வாள் வெறும் 4.5தான்.

நெருப்பு ஏறாத நரகப் பிசாசு, ரெட் டிராகன்னு போற கதையா இருந்தா பிளஸ் டூவ எடுங்க. இல்லாட்டி கொளுத்துங்க லா.