டைரில டீச்சர் எழுதுன அந்த வார்த்தை

வணக்கம் அக்கா,

என் பையன் ஒண்ணாப்பு படிக்கிறான். போன வாரம் அவன் டைரில மிஸ் இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதி விட்டிருந்தாங்க, கிளாஸ்ல எல்லாரையும் ஓயாம 'பெஸ்டர்' பண்றான்னு. எனக்கு அந்த வார்த்தை சரியா தெரியாது, போன்ல தேடுனேன். பெஸ்ட்னா கொள்ளைநோய், பூச்சி, பீடைன்னு வந்துச்சு. அதுல இருந்து வந்ததுதான பெஸ்டரும்? என் பிள்ளையை நோய்னு எழுதிட்டாங்களேன்னு ராத்திரி பூரா அழுதேன். கோவத்துல அவனையும் ரெண்டு அடி வச்சிட்டேன். இங்கிலீஷ்ல தொல்லைக்கு இருக்கிற வார்த்தையெல்லாம் ஏன் நோயாவே இருக்கு? ஸ்கூல்ல போய் சண்டை போடவா, இல்ல ஸ்கூலையே மாத்திடவா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கச்சி,

ஸ்கூல் மாத்துறதெல்லாம் உங்க வீட்ல உக்காந்து பேசிக்கோங்க, அதுல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. உங்க கடிதம் வந்தப்ப நான் லண்டன் பிளேக் பத்திதான் படிச்சுக்கிட்டு இருந்தேன், அதான் கையோட பதில் எழுதுறேன்.

நீங்க கேட்டது உண்மைதான், நிறைய வார்த்தை அப்படித்தான் இருக்கு. பிளேக்னா லத்தீன்ல அடி, காயம். சாமி ஓங்கி அடிச்ச அடி. எகிப்துக்கு வந்த பத்து பிளேக்கையும் தமிழ் பைபிள்ல 'வாதை'ன்னு போட்டிருப்பாங்க, எவ்வளவு பொருத்தம் பாருங்க. இங்கிலீஷ்ல 'பேன்' (bane)னு ஒரு வார்த்தை இருக்கு, இன்னைக்கு 'பெரிய தலைவலி'ங்கிற அளவுக்குத்தான் சொல்றாங்க, பழைய இங்கிலீஷ்ல அதுக்கு கொலைகாரன்னு அர்த்தம். பெஸ்டுங்கிறது நேராவே கொள்ளைநோய். 1665ல லண்டன்ல நோய் கண்டவங்களைக் கொண்டுபோய் வைக்கிற இடத்துக்குப் பேரே பெஸ்ட் ஹவுஸ். அந்த வருஷம் ஜூன் 7ஆம் தேதி சாமுவேல் பெப்பிஸ்னு ஒரு கடற்படை அதிகாரி ட்ரூரி லேன் வழியா போறார், ரெண்டு மூணு வீட்டுக் கதவுல சிவப்பா சிலுவை, கூடவே 'ஆண்டவரே எங்கள் மேல் இரங்கும்'னு எழுத்து. பார்த்ததும் மனசு கலங்கிப்போய், மோந்து பார்க்கவும் மெல்லவும் புகையிலை வாங்கிக்கிட்டேன்னு டைரில எழுதி வச்சிருக்கார். அந்த மாதிரி வீட்டுக்குள்ள நோய் இல்லாதவங்களையும் சேர்த்து 40 நாள் பூட்டி வச்சு வாசல்ல காவல் போட்டாங்க. அந்த ஒரு வருஷத்துல பிளேக்ல செத்தாங்கன்னு லண்டன் கணக்குல ஏறுனது மட்டும் 68,596 பேர், ஏறாம விட்டது எவ்வளவோ.

அதை எல்லாம் கண்ணால பார்த்த சனம் ஆத்திரம் வந்தா எந்த வார்த்தையை எடுத்து வீசும்? எங்க அப்பத்தா யாரையாவது ஏசுனா 'பேதியில போவான்'னுதான் ஏசும், அது காலராவுல ஆளுங்களை வாரிக் குடுத்த தலைமுறை. வீசி வீசி வார்த்தை தேஞ்சுபோகும். இன்னைக்கு கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க வர்றவரை பெஸ்ட் கன்ட்ரோல்காரர்னு கூப்பிடுறோம், யாருக்கும் அந்த சிலுவை போட்ட கதவு ஞாபகம் வர்றதில்ல.

ஆனா பெஸ்டர் அந்தக் குடும்பமே இல்ல தங்கச்சி. ஒரு ராத்திரி பூரா அழுதிருக்கீங்க, பக்கத்துல இருக்கிற அந்த ஒரு வார்த்தையையும் தேடிப் பார்த்திருக்கலாம்ல? 1500கள்ல அது இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப அதுக்கு சிக்க வைக்கிறது, நகர விடாம அடைச்சுக்கிறதுன்னுதான் அர்த்தம். பிரெஞ்சுல இருந்து வந்தது, மேயுற குதிரையோட காலுக்கு தளை போடுறது. அதுக்கும் முன்னாடி போனா லத்தீன்ல மேய்ச்சக்காரன் கையில இருக்கிற கயிறு. சர்ச்ல இருக்கிற பாஸ்டரும் அதே மேய்ச்சல்ல இருந்து வந்தவர்தான். குதிரைக்கு குளம்புக்கு மேல தளை கட்டுற இடத்துக்கு இன்னைக்கும் 'பாஸ்டர்ன்' (pastern)னுதான் பேரு. பெஸ்டும் பெஸ்டரும் காதுல ஒரே மாதிரி விழவும் இங்கிலீஷ்காரங்களே ரெண்டையும் ஒண்ணா நினைச்சாங்க, கயிறு மெல்ல மெல்ல தொல்லையாயிடுச்சு. நீங்க தப்பா நினைச்சதையேதான் 400 வருஷம் முன்னாடி அவங்களும் நினைச்சிருக்காங்க.

தளைன்னா உங்களுக்குத் தெரியுமோ தெரியல. எங்க வீட்ல செவலைன்னு ஒரு மாடு இருந்துச்சு, பக்கத்துக் கடலைக் காட்டுக்குள்ள பாஞ்சிரும். அதனால ஐயா காலைல மேய விடும்போது முன்னங்கால் ரெண்டையும் ஒரு முழக் கயித்துல சேர்த்துக் கட்டிருவாரு. அது நடக்க முடியாம ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, தொப்புனு வச்சு, மறுபடி தூக்கி, அப்படியே நகரும். கயிறு உரசுற இடத்துல முடி கொட்டி தோல் ரோஸ் கலர்ல தெரியும், அப்பத்தா சாயங்காலம் வேப்பெண்ணெய் தடவும். அவுத்து விட்டப்புறமும் கொஞ்ச தூரம் அது குதிச்சுத்தான் போகும், கயிறு இல்லேங்கிறது அதுக்கு உடனே புரியாது.

அந்த மிஸ் எழுதுனது அதான். ஒரு கிளாஸ் நிறைய பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்க விடாம உங்க பையன் காலைக் கட்டிக்கிறான், சேலை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே வர்றான். அவங்க அர்த்தம் தெரிஞ்சு எழுதுனாங்களோ தெரியாம எழுதுனாங்களோ, அவனை நோய்னு சொல்லல. சண்டைக்குப் போகாதீங்க. போய் அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசிட்டு வாங்க.

அந்த ரெண்டு அடி விஷயத்தை மட்டும் என்னால விட முடியல. வார்த்தைக்கு ராத்திரி பூரா அழுத நீங்க அடிக்கு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க. மிஸ் எழுதுனது பேப்பர்ல இருக்கு, நீங்க கொடுத்தது அவன் முதுகுல இருக்கு. ஒண்ணாப்பு படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு அடி விழுந்துச்சுன்னாவது தெரியுமா? அவனைப் பக்கத்துல உக்கார வச்சு, அம்மா தெரியாம அடிச்சிட்டேன்யான்னு சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க.

இவ்வளவு எழுதிட்டு, அவன் அப்படி என்னதான் ஓயாம எல்லார்கிட்டயும் கேக்குறான்னு நீங்க எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்துல அதை எழுதுங்க.