ஏ9 வீதி 153இல் போய் நிற்கும்

வணக்கம் ஐயா,

முல்லைத்தீவில் கணிதம் படிப்பிக்கிறேன். போன ஞாயிறு பூசையில் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் வாசித்தார்கள். உயிர்த்த இயேசு சொன்ன பக்கம் சீடர்கள் வலை போட, 153 பெரிய மீன்கள் பட்டன. வீட்டுக்கு வரும்போது அப்பா கேட்டார்: "கரைவலை இழுத்தா நாங்கள் கிலோக் கணக்கெல்லோ பாக்கிறம். அவையள் ஏன் ஒவ்வொண்டா எண்ணினவை?" இந்த எண்ணில் கணக்கு ஏதும் இருக்கிறதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

பங்கு பிரிக்கத்தான் எண்ணியிருப்பார்கள் என்பது என் கட்சி. ஆதித் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீன் அப்படி விடவில்லை. 1 தொடக்கம் 17 வரை கூட்டினால் 153. அந்த 17ஐ அவர் பத்துக் கட்டளையும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் என்று பிரித்தார். அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: பழைய முறைப்படி பதினைந்து தேவ இரகசியங்களோடு செபமாலையை முழுதாகச் சொன்னால், தொடக்கத்தில் வரும் மூன்றையும் சேர்த்து அருள்நிறைந்த மரியே 153 தரம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். 1, 1×2, 1×2×3 என்று ஐந்து வரைக்கும் பெருக்கிக் கூட்டுங்கள்: 1+2+6+24+120. அதுவும் 153. 153இன் இலக்கங்களின் கனங்களைக் (1×1×1, 5×5×5, 3×3×3) கூட்டினாலும் 1+125+27, திரும்ப 153 தான். இந்தக் கடைசி விஷயத்தில்தான் வகுப்பில் விளையாட இடமிருக்கிறது.

ஏ9 வீதியின் 9ஐ எடுங்கள். அதன் கனம் 729. அந்த இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் 1080, பிறகு 513, பிறகு 153. அதற்கு மேல் அசையாது. மாங்குளத்திலிருந்து உங்கள் ஊருக்கு வரும் ஏ34? 34, 91, 730, 370. அங்கே நின்றுவிடும். பரந்தனிலிருந்து வரும் ஏ35? 35, 152, 134, 92, 737, 713, 371. இரண்டு வீதியும் முல்லைத்தீவுக்குத்தான் வருகின்றன, எண்கள் மட்டும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கின்றன.

காரணம் 3. எந்த முழு எண்ணையும் அதன் கனத்தையும் 3ஆல் வகுத்தால் வரும் மீதி ஒரே அளவுதான். ஓர் எண்ணுக்கும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகைக்கும் அப்படியே. ஆகவே எத்தனை அடி போனாலும் மீதி மாறாது. எண் பெருத்துப் போகவும் வழியில்லை: நான்கு இலக்க எண்ணில் ஆகக் கூடியது 4×729, அதாவது 2916. அதற்குள்ளேயே சுற்றவேண்டும். சோதித்துப் பார்த்தால், 3இன் மடங்குகளுக்கு 153ஐ விட வேறு போக்கிடமில்லை. மீதி 2 என்றால் 371 அல்லது 407. மீதி 1 கொஞ்சம் குழப்படி: 1இலோ 370இலோ நிற்கும், இல்லாவிட்டால் 136, 244, 136 என்பதுபோல் முடிவில்லாமல் சுற்றும்.

ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி இந்த 153, 370, 371, 407 நான்கையும் 1940இல் குறிப்பிட்டு, புதிர்ப் பகுதிக்குத்தான் சரி, கணிதவியலாளருக்கு இதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார். பாதி நியாயம். நாங்கள் பத்தின் அடியில், அதாவது ஒன்று, பத்து, நூறு என்று இடம் பிரித்து எழுதுவதால் வந்த அழகு இது. எட்டின் அடியில் (ஒன்று, எட்டு, அறுபத்துநான்கு என்று) 153ஐ 231 என்றுதான் எழுதுவோம், கனங்களைக் கூட்டினால் 36. 1 தொடக்கம் 17 வரை கூட்டி வரும் முக்கோணி எண் என்பதும் அந்தப் பெருக்கல் கூட்டலும் எந்த அடியிலும் நிற்கும். ஆனால் மீதி ஏன் மாறவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அது புதிர்ப் பகுதியைத் தாண்டிய கேள்வி. அந்த இடத்தில் நான் ஹார்டியோடு இல்லை.

வகுப்பில் 407 வரக் காணோம் என்று பிள்ளைகள் சொன்னால் 47ஐக் கொடுங்கள், ஒரே தடவையில் வந்துவிடும்.