போன் செயலி லேப்டாப்பில் ஓடுமா?

கேள்வி: பாட்டு வகுப்புக்காக ஆண்ட்ராய்டு போனில் சுருதிப்பெட்டி செயலி வைத்திருக்கிறேன். அதையே என் விண்டோஸ் லேப்டாப்பில் பயன்படுத்த முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பழைய குறிப்புகளை நம்பி இறங்கிவிடாதீர்கள். விண்டோஸ் 11-க்குள்ளேயே ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்திருந்த வசதி 2025 மார்ச் 5-உடன் நின்றுவிட்டது. ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் (கணினிக்குள் ஒரு போனைப் போலவே இயங்கும் மென்பொருட்கள்) இருக்கின்றன. ஒரு சுருதிப்பெட்டிக்காக லேப்டாப்புக்குள் இன்னொரு போனையே ஓடவிடுவது அதிகம் என்பேன்.

நான் தினமும் பயன்படுத்துவது ஸ்க்ரீன்காப்பி (ஆங்கிலத்தில் scrcpy என்று எழுதுவார்கள்) என்ற இலவச மென்பொருள். செயலி போனில்தான் ஓடும்; படமும் ஒலியும் லேப்டாப்புக்கு வரும், மவுஸால் இயக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். ஒலியும் வேண்டும் என்பதால் போனில் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

போன் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபகிங்கை (கேபிள் வழியாகப் போனை இயக்க கணினிக்கு இடம் தரும் வசதி) இயக்கிவிட்டு கேபிளைச் செருகி, லேப்டாப்பில் ஸ்க்ரீன்காப்பியைத் திறங்கள். போன் திரையில் அனுமதி கேட்கும், சரி என்று கொடுங்கள். முதல் நாள் எனக்கு அரைமணி நேரம் எதுவுமே வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் கேபிள் சார்ஜ் மட்டுமே ஏற்றும் ரகம். தரவும் கடத்தும் கேபிளாகப் பார்த்து எடுங்கள்.

மென்பொருளை கிட்ஹப் (GitHub) என்ற மென்பொருள் பகிர்வுத் தளத்தில் உள்ள அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதே பெயரில் போலித் தளங்கள் உண்டு. வகுப்பு முடிந்ததும் டீபகிங்கை அணைத்துவிடுங்கள்.