தூண்டில் கேள்வி-பதில்: குஞ்சோடு நிற்கும் விராலுக்கு லூர் போடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விரால் பற்றியவை. மழை இறங்கி ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கினாலே அப்படித்தான். அவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

ரீலின் டிராக்கை (நூல் வெளியே ஓடாமல் தடுக்கும் பிடியை) முழுக்க இறுக்கியும் பெரிய மீன் இழுத்தால் நூல் போய்க்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் ரீலை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (திண்டிவனம்)

வேண்டாம். ரீலில் குறை இல்லை. ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளையில்) பிரெய்டை, அதாவது பின்னிய நூலை, நேரடியாகச் சுற்றியிருக்கிறீர்கள். பிரெய்டு வழுவழுப்பானது, உலோகத்தைப் பிடிக்காது. சுற்றிய நூல் மொத்தமும் ஸ்பூலின் மேலேயே சுழல்கிறது. ஸ்பூலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூலை இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அவிழ்த்து, அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். மோனோ இல்லாவிட்டால் எலெக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று போதும்.

இன்னொன்று. டிராக்கை எதற்காக முழுக்க இறுக்குகிறீர்கள்? நூல் தாங்கும் எடையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. 20 பவுண்டு நூலுக்கு 5, 6 பவுண்டு போதும். முடிச்சை எச்சிலால் நனைத்துத்தான் இறுக்க வேண்டும். உலர்ந்த நூலை இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும்.

என் ரீல் சரியில்லை. என்ன செய்வது? (சேலம்)

எந்த ரீல், எத்தனை வருடம் ஆனது, சத்தம் வருகிறதா, கைப்பிடி கனக்கிறதா, கடலுக்குக் கொண்டுபோனீர்களா என்று ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் கடலுக்குக் கொண்டுபோயிருந்தால் ஒவ்வொரு முறையும் டிராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நின்று தூண்டில் போடலாமா? (கோவளம்)

போடலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது.

விரால் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அதன் நடுவே தவளை லூரை (தவளை வடிவச் செயற்கை இரையை) இழுத்தால் தாய் விரால் உடனே அடிக்கிறது. எந்த நிற லூர் நன்றாக எடுக்கும்? (இதே கேள்வி மதுராந்தகம், அரியலூர், மேலூரிலிருந்து மூன்று கடிதங்களில்)

நிறம் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் லூரே போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இதை எத்தனை முறை எழுதினாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்த முறை முழுதாக எழுதுகிறேன்.

விரால் முட்டையை விட்டுவிட்டுப் போகிற மீன் அல்ல. புல்லும் தாமரையும் அடர்ந்த ஓரத்தில் வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். ஒன்று இரண்டு நாளில் பொரிக்கும். அதன் பிறகு சுமார் ஒரு மாதம், குஞ்சுகள் விரல் நீளம் வளரும் வரை, பெற்ற மீன் அவற்றின் கீழேயே நிற்கும். விராலுக்குக் காற்றை நேரடியாக விழுங்க வேண்டும், குஞ்சுக்கும் அப்படியே. அதனால்தான் அந்தக் கூட்டம் நொடிக்கொரு தரம் மேலே வந்து போகிறது. அசையாத தண்ணீரில் அந்த ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் சில ஆயிரம் குஞ்சுகள்.

அந்த இடத்தில் லூரை இழுத்தால் தாய் அடிக்கும்தான். பசியால் அல்ல, குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டது என்று அடிக்கிறது. அந்த மீனைப் பிடிக்கத் திறமை எதுவும் தேவையில்லை. முதன்முதலாக ராட் (தூண்டில் கம்பு) பிடிப்பவனும் பிடித்துவிடுவான்.

இருபதாவது வயதில் நானும் அப்படிப் பிடித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரி, கரையில் பதித்த அலைகல் ஓரம். இரண்டரைக் கிலோ இருக்கும். மீனைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், குஞ்சுக் கூட்டம் அதே இடத்தில் நின்று மேலே வந்து வந்து போகிறது. கொஞ்ச நேரத்தில் ஜிலேபி மீன்கள் வந்தன. முதலில் நாலைந்து, பிறகு கணக்கில்லை. கூட்டம் இரண்டாக உடைந்தது, பிறகு துண்டு துண்டாக. கல் மேல் ஒரு நீர்க்காகம் இறங்கியது. நான் சாமான்களைக் கட்டி முடிப்பதற்குள், கால் மணி நேரம்கூட இருக்காது, அந்தத் தூறல் நின்றுபோனது. அந்த ஏரிக்கு அதன் பிறகு பல வருடம் போயிருக்கிறேன். குஞ்சுக்கு மேல் நூல் போட்டதில்லை.

“குத்தகைக்காரர் வலை போட்டு எல்லாவற்றையும் வாரிவிடுகிறார், நான் ஒன்று பிடித்தால் என்ன?” என்று அரியலூர் வாசகர் கேட்கிறார். குத்தகைக்காரர் பெரும்பாலும் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார், அதைத்தான் வாருகிறார். விராலை அந்த ஏரியில் யாரும் கொண்டுவந்து விடவில்லை. தானாகப் பெருகினால்தான் உண்டு. அடுத்த வருடம் உங்கள் லூரை அடிக்க வேண்டிய மீன் இந்த வருடக் குஞ்சில்தான் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்? தூறல் மாதிரி அசைவு தெரிந்தால் அங்கிருந்து ஐம்பதடி தள்ளிப் போய் நில்லுங்கள். தெரியாமல் போட்டு மாட்டிவிட்டால் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், தூண்டில் முள்ளைக் குறட்டால் கழற்றி, அதே இடத்தில் விடுங்கள். படம் எடுக்கிறேன் என்று கரையில் புரட்ட வேண்டாம். குஞ்சில்லாத விரால் வேண்டிய மட்டும் இருக்கிறது. விடியற்காலையில் ஆகாயத்தாமரை ஓரம் தவளை லூரை இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்திப் பாருங்கள். அடித்தவுடன் சுண்டாதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்டுங்கள்.

தேளி மீனின் முள் குத்திவிட்டது. கை முழுக்கக் கடுக்கிறது. சுண்ணாம்பு தடவினேன். சரியா? (குளித்தலை)

சுண்ணாம்பு வேண்டாம். தேளியின் நெஞ்சுத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. அது புரதம், சூட்டில் கெடும். கை பொறுக்கும் சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். குத்துப்பட்ட கை மரத்திருக்கும், சூடு தெரியாது. அதனால் மற்றக் கையை வைத்துப் பார்த்துவிட்டு முக்குங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் நீங்களே நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கடல் கெளுத்தி குத்தினாலும் இதே வைத்தியம்தான்.

புது ஏரிக்குப் போனால் எங்கே நிற்பது? (விருத்தாசலம்)

முதல் நாள் ராட் இல்லாமல் போங்கள். மதகு, கலங்கல் (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய் நுழையும் வாய் ஆகிய மூன்றையும் கண்ணால் பாருங்கள். மழைக்குப் பிறகு வரத்துக் கால்வாய் வாயில்தான் மீன் புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறும். கொக்கு எங்கே நிற்கிறது, எந்த ஓரத்தில் குமிழ் வருகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு வாரத்துத் தூண்டில் நேரம் மிச்சம். ஊரில் கேட்டு அனுமதி வாங்குங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். இதை நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஜிலேபியில் சேற்று வாடை. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. (வேலூர்)

கழுவினால் போகாது. அது ஒட்டிய சேறு இல்லை. தண்ணீரில் உள்ள நீலப்பசும்பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் சதைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. முதல் மழைக்கு மண் மணப்பதும் அதே பொருளால்தான். அது புளிப்பில் உடையும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை முழுக்கச் சுரண்டி எடுங்கள், வயிற்றுக் கொழுப்பையும் எடுங்கள். தோலையும் உரித்துவிட்டால் நல்லது. பிறகு கெட்டிப் புளித்தண்ணீரில் இருபது நிமிடம். வறுக்க வேண்டாம், குழம்பு வையுங்கள். பிடித்த உடனே ஐஸில் போட்டீர்களா? ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

படகில் போய்ப் பிடித்த சூரையை அன்றைக்கே வறுத்துச் சாப்பிட்டோம். அரை மணியில் முகம் சிவந்து தலைவலி. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா? (தூத்துக்குடி)

எண்ணெய் இல்லை, வெயில். மீன் எத்தனை மணி நேரம் படகில் வெறுமனே கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். நாற்றம் வராமலே சேரும். எவ்வளவு வறுத்தாலும் அழியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. ஐஸ், ஐஸ், ஐஸ்.

பேத்தை மீன் மாட்டியது. தோலை உரித்தால் சாப்பிடலாமா? (நாகப்பட்டினம்)

கூடாது. வேகவைத்தாலும் அந்த மீனின் விஷம் போகாது.

கொடுவாய்க்கு எந்த நாள் நல்லது? (பழவேற்காடு)

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முகத்துவாரத்தில், கடல் ஏற்றம் வற்றமாக மாறும் நேரத்தில் போடுங்கள். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெரிதானதும் பெண்ணாக மாறும். உங்களிடம் மாட்டும் ஏழெட்டுக் கிலோ மீன் அநேகமாக முட்டையிடும் மீன். இரண்டு கிலோவைச் சாப்பிடுங்கள், பெரியதை விடுங்கள்.

நீங்கள் எப்போதும் விடு விடு என்கிறீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விட வேண்டுமா? (ஈரோடு)

அதை விடக் கூடாது. வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது, கண்டதையெல்லாம் தின்னும். தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டுகிறார்களே, அந்த டேங்க் கிளீனரும் அப்படியே. இரண்டும் மாட்டினால் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது.

மாயாற்றில் மஹசீர் பிடிக்க எங்கே தங்கலாம்? (கோவை)

மாயாறு புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுகிறது. காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள திமில் மஹசீர் 2018இல் மிகவும் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

தூண்டிலோடு முயலுக்குக் கண்ணியும் வைக்கலாமா? (புதுக்கோட்டை)

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கவுதாரி, காட்டுக் காடை எல்லாவற்றுக்கும் அதுவே. இந்தக் கேள்வியை மறுபடி எழுத வேண்டாம்.

ஒன்பது வயது மகளுக்கு முதல் ராட் எது வாங்குவது? (தஞ்சாவூர்)

ஒன்றும் வாங்காதீர்கள். ஆறடி மூங்கில் கம்பு, அதே நீளம் நூல், சோளத்தட்டையில் வெட்டிய தக்கை, பயறளவு ஈயம், கடையில் இருப்பதிலேயே சின்ன முள். முள் நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையில் குத்தினாலும் எளிதாக வந்துவிடும், மீனையும் காயமில்லாமல் விடலாம். மண்புழுவைப் பாதியாகக் கிள்ளிக் கோர்க்கக் கற்றுக்கொடுங்கள். காலை ஆறரைக்கு வாய்க்கால் படித்துறையில் உட்காரவையுங்கள். தக்கை முதல்முறை அசைந்ததும் இழுத்துவிடுவாள், மீன் வராது. “தக்கை முழுக்க முங்கட்டும் அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.