விலாசத்து எழுத்துகளும் ஆங்கிலச் சொற்களும் – வாசகர் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் பள்ளத்தூர் வந்திருக்கிறார்கள். வெயிலுக்கு வளவுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்களே என்று ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாத்திரங்களில் வெட்டியிருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளைப் படித்து, அந்த எழுத்தெல்லாம் வருகிற ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். வேறு எழுத்து எத்தனை சேர்ந்தாலும் பரவாயில்லை. ஆர்.எம்.சி.டி. என்றால் ‘மெர்ச்சன்ட்’ சரி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கே, வி, எல் மூன்றும் சேர்ந்து வந்தபோது எல்லாரும் திணறினார்கள். பெரிய பேரன் போனை எடுத்து ஏதோ ஒரு தளத்தில் எழுத்துகளைப் போட்டான். சொற்கள் வந்து கொட்டின. அதோடு மற்ற பிள்ளைகளுக்கு ஆசை விட்டுப்போயிற்று. போனைத் தடுத்துவிடவா? போன் இல்லாமல் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சி,

வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் விற்கும் ஸ்கிராபிளை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் கையில் இருக்கும் ஏழு எழுத்தையும் பலகையில் ஏற்கெனவே இருப்பதையும் வைத்துத்தான் சொல் கட்ட வேண்டும். உங்களுடையதில் கொடுத்த எழுத்து உள்ளே இருந்தால் போதும், மீதியைப் பிள்ளைகளே கொண்டுவரலாம். விலாசத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துகள்தாம் இருக்கும். உயிரெழுத்தை அவர்கள் இஷ்டம்போல் போட்டுக்கொள்ளலாம் என்பதால் மெய்களை இடம் மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் திணறுவதற்குக் காரணம், சொல்லை முதல் எழுத்திலிருந்து தேடுவதுதான். அகராதி அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது, பள்ளியிலும் அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆனால் கே, வி, எல் சொல்லுக்குள் எங்கே இருக்கின்றன என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அதற்கு அகராதியைப் புரட்டிப் பயனில்லை. இருக்கும் எழுத்துகளில் எது பிடிவாதமானது என்று முதலில் பார்க்க வேண்டும். எல் எங்கே வைத்தாலும் உட்காரும். வி அப்படியல்ல. ஆங்கிலச் சொல் அநேகமாக வி-யில் முடியாது, பின்னால் ஓர் இ வேண்டும்: கிவ், லவ், ஹேவ் எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்து இ-தான். கே-க்கும் விருப்பு வெறுப்பு உண்டு. சொல்லின் தொடக்கத்தில் இ, ஐ, என் ஆகியவற்றுக்கு முன்னால்தான் அதிகம் வரும், கடைசியில் என்றால் சி-யோடு சேர்ந்து வரும், ‘லுக்’ மாதிரி இரண்டு ஓ-வுக்குப் பின்னாலும் நிற்கும். இப்போது வி-யோடு இ-யைச் சேர்த்து ‘ஓவர்’ என்று வையுங்கள். மிச்சம் எல்லும் கே-யும். ‘ஓவர்லுக்’ வந்துவிட்டது. ‘வாக்’ என்பதை முன்னால் போட்டால் ‘வாக்ஓவர்’. கடைசியில் சி-யும் கே-யும் வேண்டும் என்று யோசித்தால் ‘லைவ்ஸ்டாக்’, அதாவது ஆடுமாடு. கொஞ்சம் பழகினால் இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே செய்யும். க்யூ வந்தால் பக்கத்தில் யூ-வை வைத்துப் பார்க்க வேண்டும். ஜே வந்தால் ‘சப்ஜெக்ட், ப்ராஜெக்ட்’ குடும்பம் நினைவுக்கு வர வேண்டும்.

சாதாரண எழுத்துகள் வந்தால் பிரச்சினை வேறு: விடைகள் ஏராளம். ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ் 1930களில் செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அந்தப் பெட்டியின் 100 கட்டைகளில் இ மட்டும் 12, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். உங்கள் ஆர்.எம்.சி.டி. நான்கும் எளிதில் கிடைப்பவை. மெர்ச்சன்ட் மட்டுமல்ல, கஸ்டமர், கெமிஸ்ட்ரி, ரொமான்டிக் எல்லாம் சரி. இங்கே மிகக் குட்டையான சொல்லுக்குத்தான் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறே எழுத்தில் ‘மெட்ரிக்’ இருக்கிறது.

இன்னொரு விதியையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை நிச்சயம். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் சொல்லிலும் இரண்டு முறை வேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரின் விலாசம் எம்.சி.டி.எம். அதற்குச் ‘சிமென்ட்’ செல்லாது, ஓர் எம்-தான் இருக்கிறது. ‘கமென்ட்’ செல்லும். ஏ.எல்.ஏ.ஆர். என்றால் ‘லேர்ன்’ போதாது, ‘அலாரம்’ வேண்டும்.

சரி, போன். தடுக்க வேண்டாம், கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாரும் யோசித்து முடித்தபின் வருகிற பட்டியல் புதுச் சொல்லைத் தரும். முதலிலேயே வந்தால் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சிறு பிள்ளைகளுக்கு ஆசை விட்டுப்போனது இதனால்தான்.

பெரிய பேரனுக்குத் தனி வேலை கொடுங்கள். அந்தத் தளம் எப்படித் தேடுகிறது என்று அவனையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். சொற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லிலும் கேட்ட எழுத்து கேட்ட எண்ணிக்கையில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. லட்சக்கணக்கான சொற்கள் இருந்தாலும் கணினிக்கு அது கண் இமைக்கும் நேரம். இதைவிட அழகான வழி பகா எண்கள். ஏ-க்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5 என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால் இருபதாவது எழுத்தான டி-க்கு 71 வரும். சொல்லில் உள்ள எழுத்துகளின் எண்களையெல்லாம் பெருக்கினால் அதுதான் அந்தச் சொல்லின் மதிப்பு. ‘கேட்’ என்ற பூனைக்கு 5, 2, 71 பெருக்கினால் 710. அதே மூன்று எழுத்துள்ள ‘ஆக்ட்’டுக்கும் 710. விலாசத்தின் மதிப்பு சொல்லின் மதிப்பை மீதியில்லாமல் வகுத்தால் அத்தனை எழுத்தும் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டு எம் கேட்டால் 41-ஆல் இரண்டு முறை வகுபட வேண்டும், அதனால் மேலே சொன்ன சண்டைக்கும் இதிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஏ-யும் சி-யும் உள்ள எந்தச் சொல்லின் மதிப்பும் பூஜ்ஜியத்தில்தான் முடியும். ஏன் என்று அவன் கண்டுபிடித்துத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லட்டும்.