அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

ஐயா,

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். 'என்ஃப்ரான்சைஸ்' என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் வாக்குரிமை அளித்தல் என்றும், அடிமையை விடுவித்தல் என்றும் போட்டிருக்கிறது. எது சரி? வாக்கியத்தில் எப்படி எழுதுவது? (நான் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. போட்டு என்ன ஆகப்போகிறது என்று பெயர்கூடச் சேர்க்கவில்லை.)

ம., தொண்டி

அன்புள்ள ம.,

இரண்டும் சரி. அடிமையை விடுவிப்பது பழைய பொருள். இப்போது ஓட்டுரிமைக்குத்தான் அதிகம் புழங்குகிறது. செயப்படுபொருளாக ஆளைப் போடுங்கள், உரிமையைப் போடாதீர்கள். தேர்வுக்கு இது போதும்.

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சிறுவயதில் இராமேஸ்வரத்தில் மலையகச் சனம், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், கப்பலில் வந்திறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டிகள், சாக்கில் கட்டிய அம்மி. ஒரு கிழவி இந்திய பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் செருகியிருந்தார். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டி, வேர்வையை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். அவர் இந்தியாவைப் பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

இலங்கையில் 1931இலேயே சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத்து ஆட்களில் பலரும் ஓட்டுப் போட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு வருடம் ஓட்டும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தோட்டத்துச் சனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டில்லாதவனை யார் கேட்பது? போட்டு என்ன ஆகும் என்கிறீர்கள். இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை கண்ணால் பார்த்தது, தம்பி.

உங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் மண்டபம். அங்கே இலங்கை அகதிகள் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடித்தான் வாங்கினார். முதல் ஓட்டைப் போட்டது 2024இல். புதிதாக யாரும் அவருக்கு எதையும் தந்துவிடவில்லை; ஏற்கெனவே இருந்ததை எடுக்கவே அவ்வளவு அலைச்சல். நீங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பச் சோம்பல்படுகிறீர்கள்!

நன்றாகப் படியுங்கள். தேறிவிடுவீர்கள், உங்கள் எழுத்தில் தெரிகிறது. நாளைக்கே ஏதாவது தாலுகா ஆபீஸில் உட்கார்வீர்கள். முகாமிலிருந்து ஒரு பெண் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றால், அடுத்த வாரம் வாம்மா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.