தவிடா, நெற்றா?

கேள்வி: எங்கள் பக்கத்தில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் கடைசி நாள் வினாடி வினா வைத்தார்கள். அப்பனிடம் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த மகனைப் பற்றி இயேசு சொன்ன கதையிலிருந்து ஒரு கேள்வி. 'இளைய குமாரன் பன்றிகளோடு எதைத் தின்றான்?' என்ற கேள்விக்கு, கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் என் மகள் 'நெற்று' என்றாள். 'தவிடு'தான் சரி என்று சொல்லி மதிப்பெண் தரவில்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணில் முதல் பரிசு போய்விட்டது. பைபிளிலேயே மிகச் சிறிய வசனம் எது, அதிலேயே அதிக வயதுவரை வாழ்ந்த மெத்தூசலா எத்தனை வருஷம் உயிரோடிருந்தான் என்பதையெல்லாம் பட்டென்று சொன்னவள் அவள். நெற்று என்றது தப்பா? இந்த மாதிரிப் போட்டிகளால் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா?
– ஒரு தாய், நாசரேத்

பதில்: இயேசுவின் ஊரான நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று கேட்டவர், பின்னால் அவருடைய சீடரான நாத்தான்வேல். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது அம்மா. பதில்தான் உங்களுக்கு முழுசாகப் பிடிக்காது.

நடுவர் சொன்னதும் தப்பு, உங்கள் மகள் சொன்னதும் தப்பு. லூக்கா 15ஆம் அதிகாரம், 16ஆம் வசனத்தைக் கடைசிவரை படியுங்கள். பன்றிகள் தின்கிற தவிட்டினாலே வயிற்றை நிரப்ப அவன் ஆசையாயிருந்தான். அப்புறம்? "ஒருவனும் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை." அவன் எதையும் தின்னவில்லை. பன்றிக்குக் கிடைத்ததுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அப்பன் வீட்டுக் கூலிக்காரர்களின் சாப்பாடு அவனுக்கு ஞாபகம் வருகிறது. கேள்வி எழுதியவர் பாதி வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

சரி, 'எதைத் தின்ன ஆசைப்பட்டான்?' என்று கேள்வியைத் திருத்திக்கொள்வோம். இப்போது உங்கள் மகள் ஜெயிக்கிறாள். கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'கெராட்டியா'. சின்னக் கொம்புகள் என்று பொருள். மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் கேரப் மரத்தின் காய் அது. கொம்பு மாதிரி வளைந்திருக்கும், முற்றிக் காய்ந்து நெற்றானால் இனிக்கும். நகைக்கடையில் 'இத்தனை கேரட்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்தக் காயின் பெயரிலிருந்து பிறந்ததுதான். கருவேல நெற்றை உலுக்கி ஆட்டுக்குப் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1995இல் வந்த, கத்தோலிக்கர்கள் படிக்கும் திருவிவிலியம் 'நெற்றுகள்' என்றே போட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்திய, புராட்டஸ்டன்ட் சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில்தான் 'தவிடு' இருக்கிறது. அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். நெல் குத்தும் ஊரில் பன்றித் தீனி என்றால் தவிடுதானே! ஆனால் ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் படித்த பிள்ளையின் மதிப்பெண்ணை வெட்டுவது நியாயமில்லை. அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பிள்ளை யாராவது யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் எழுதியிருந்தால் இந்த நடுவரிடம் முட்டைதான் வாங்கியிருக்கும்.

நீங்கள் பெருமைப்படுகிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். மிகச் சிறிய வசனம் என்று அவள் சொன்னது யோவான் 11:35ஆகத்தான் இருக்கும். 'இயேசு கண்ணீர் விட்டார்.' இது ஆங்கில பைபிளை வைத்து எழுதிய கேள்வி. அங்கே அது இரண்டே சொல். தமிழில் மூன்று. 1 தெசலோனிக்கேயர் 5:16ஐப் பாருங்கள்: 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.' இரண்டே சொல். சொல் கணக்கு வேண்டாம், எழுத்தை எண்ணு என்பீர்களானால், கண்ணீர் வசனத்துக்குப் பதினொன்று; பத்துக் கட்டளைகளில் ஒன்றான 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பதற்கும் அதே பதினொன்று. கிரேக்கத்திலாவது தேறுமா என்றால், அங்கேயும் சந்தோஷ வசனம் 14 எழுத்து, கண்ணீர் வசனம் 16. நடுவர் இதற்கு மதிப்பெண் கொடுத்தபோது நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

பயன் உண்டா என்கிறீர்கள். கேள்வியைப் பொறுத்தது. மெத்தூசலாவுக்கு 969 வயது என்று ஒப்பிப்பதில் என்ன இருக்கிறது? அதே பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். மகன் லாமேக்கைப் பெற்றபோது மெத்தூசலாவுக்கு 187 வயது. நோவாவைப் பெற்றபோது லாமேக்குக்கு 182. வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600. கூட்டினால் 969. ஆக, கிழவர் செத்தது வெள்ளம் வந்த வருஷத்தில். வெள்ளத்துக்கு முன்னாலா, வெள்ளத்திலா? இதைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காது.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் ஜனங்களுக்கு வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா எப்படி இருந்தது என்று எல்லாப் போட்டியிலும் கேட்கிறார்கள்: கொத்துமல்லி விதையளவு, தேனிட்ட பணிகாரத்தின் ருசி. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்கு யாரும் போவதில்லை. விடுதியில் சேர்ந்த பிள்ளை வீட்டுக் குழம்பை நினைத்துப் புலம்புவதுபோல, அங்கே ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அதையெல்லாம் 'கிரயமில்லாமல்' சாப்பிட்டார்களாம்! சவுக்கடி பட்டுச் செங்கல் அறுத்த அடிமைகள் பேசுகிற பேச்சு இது. எகிப்தில் அந்த வெங்காயத்துக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்று கேட்டால் அது கேள்வி. ஏசா எதற்குத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, தம்பிக்கு விற்றான் என்றால் 'பயற்றங்கூழ்' என்று எல்லாரும் சொல்வார்கள். நம் பிள்ளைகள் மனதில் ஓடுவது பச்சைப்பயறு. ஏசாவோ 'சிவப்பான கூழ்' என்றுதான் கேட்கிறான். எபிரேயத்தில் 'அதாஷிம்', நம் மைசூர்ப் பருப்பின் இனம். அந்தச் சிவப்பை வைத்துத்தான் அவனுக்கு ஏதோம் என்ற பெயரே வந்தது. நிறம் தெரியாமல் பெயர் எப்படி விளங்கும்?

மற்றபடி, அந்த ஐந்து மதிப்பெண்ணைக் கேட்டு நடுவரிடம் போகாதீர்கள் அம்மா. போனால் விடைத்தாளை முழுசாகத் திருத்த வேண்டிவரும். நெற்றுக்கு ஐந்து ஏறும், சிறிய வசனத்துக்கு ஐந்து இறங்கும்.